பம்பரம் முதல் கண்ணாடி நூல் வரை



சென்ற இதழில் பெரியாறு வாய்க்காலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அடுத்து என்ன சார்?" என்று லிஃப்டில் கேட்டவர்களுக்கு நன்றி. இந்த முறை எழுத வேண்டிய விஷயம் நம் மாடிப்படிக்குக் கீழேயே கிடைத்தது.

நம் மூன்று பிளாக்குகளுக்கும் ஃபைபர் இன்டர்நெட் இழுத்தார்கள் அல்லவா? அன்று வேலை முடிந்ததும், மிச்சமான ஒரு சிறு சுருளை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாட்ச்மேன் அதைக் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டில், "பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான், இது எதுக்கு?" என்று கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

இதே போன்ற கண்ணாடி இழைச் சுருள் ஒன்றுதான் இன்று விமானம், கப்பல், செயற்கைக்கோள் இவற்றிற்கு "நீ எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பினாய்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் வல்லரசுகளிடம் மட்டும் இருந்த கருவி இது. அதன் விலை எப்படி இறங்கியது, இன்னும் ஏன் முழுவதுமாக இறங்கவில்லை என்று சொல்லப் பார்க்கிறேன். நான் பி.காம். படித்தவன், விஞ்ஞானி அல்ல. ஆனால் ஒரு பொருளின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பது எங்கள் பாடம்தானே!

செல்போனில் மேப் இருக்கும்போது இது எதற்கு?

உங்கள் மனதில் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஜி.பி.எஸ். என்பது வானத்திலிருந்து வரும் தகவல். சுரங்கத்துக்குள் வராது, கடலுக்கு அடியில் வராது. வருகிற இடத்திலும் யாராவது வேண்டுமென்றே குழப்பிவிடலாம். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை நம் நாட்டின் எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், விமானங்களின் ஜி.பி.எஸ். குழப்பப்பட்டதாக 465 சம்பவங்கள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் விமானம் வெளியார் யாரையும் கேட்காமல், தன் வேகத்தையும் திருப்பத்தையும் தானே கணக்கு வைத்து, தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, "இருபது அடி நடந்தேன், வலது பக்கம் திரும்பினேன், பத்து அடி நடந்தேன்" என்று எண்ணிக்கொண்டே போவது போல. இதில் திருப்பத்தை அளக்கும் கருவிக்குத்தான் கைரோஸ்கோப் என்று பெயர். சுருக்கமாக கைரோ.

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்து உண்டு. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 450 ரூபாயை 540 என்று லெட்ஜரில் ஏற்றிவிட்டேன். அன்று யாரும் கவனிக்கவில்லை. அந்தத் தப்பு இருப்புத் தொகையில் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் 'முன்பக்கத் தொகை'யாக நகர்ந்து, அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது எங்கள் எல்லோரையும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார வைத்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று ஹெட் கிளார்க் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

கைரோவின் பிழையும் இப்படித்தான். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், போய்ச் சேரும்போது சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். பாம்பன் பாலத்தில் ஏற வேண்டிய பஸ் கடலில் இறங்கும். ஆகவே நல்ல கைரோ என்றால் பிழை மிகக் குறைவாகச் சேரும் கைரோ. அதற்குத்தான் விலை.

பம்பரக் காலம்

நம் அலங்காநல்லூர் தெருக்களில் சாட்டையும் ஆணிப் பம்பரமுமாக வளர்ந்தவர்களுக்கு கைரோவின் தத்துவத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நின்ற பம்பரம் விழும். சுற்றுகிற பம்பரம் நிமிர்ந்து நிற்கும். தன் அச்சின் திசையை அது லேசில் விட்டுக்கொடுக்காது.

பிரான்ஸ் நாட்டின் ஃபூக்கோ, 1851-ல் பாரிஸில் ஒரு நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, பூமி சுற்றுவதை ஊர் மக்கள் கண்ணால் பார்க்கும்படி செய்தார். அடுத்த வருடமே, வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தைக் கொண்டு அதையே காட்டினார். அந்தக் கருவிக்கு கைரோஸ்கோப் என்று பெயர் வைத்தவரும் அவரே. 'சுழற்சியைப் பார்ப்பது' என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அன்ஷூட்ஸ், அமெரிக்காவில் ஸ்பெர்ரி ஆகியோர் இதைக் கப்பல்களுக்கான திசைகாட்டியாக்கினார்கள். இரும்புக் கப்பலில் காந்த ஊசி குழம்பும், பம்பரம் குழம்பாது.

ஆனால் பம்பரத்துக்கு அச்சு வேண்டும், அச்சைத் தாங்க பேரிங் வேண்டும். பேரிங் தேயும். தேய்மானம் பிழையைக் கூட்டும். பிழை வேண்டாம் என்றால் ரோமம் அளவுகூடப் பிசகாத கடைசல் வேலை வேண்டும். அதற்கு ஆகும் செலவை ராணுவங்களாலும் பெரிய விமான நிறுவனங்களாலும்தான் தாங்க முடிந்தது.

நம் வாக்கிங் பாதையில் ஒரு பரிசோதனை

சுழலும் உறுப்பே இல்லாமல் சுழற்சியை அளக்க முடியுமா? முடியும் என்று 1913-ல் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் சாக்னாக். அவர் செய்ததை நம் வாக்கிங் பாதையை வைத்தே சொல்கிறேன்.

காலையில் இரண்டு பேர் நம் மெயின் கேட்டிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். ஒருவர் வலமாக, இன்னொருவர் இடமாக. இருவருக்கும் ஒரே வேகம். சுற்றி முடித்து கேட்டுக்கு ஒரே நேரத்தில்தான் வருவார்கள். இப்போது ஒரு கற்பனை. கேட்டுக்குச் சக்கரம் வைத்து, அவர்கள் நடக்கும்போதே அதை மெல்ல வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறோம். வலமாக நடந்தவருக்கு கேட் விலகிப் போகிறது. கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். இடமாக வந்தவருக்கு கேட் எதிரே வருகிறது, சீக்கிரமே சேர்ந்துவிடுவார். இருவரும் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைப் பார்த்தால், கேட் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

நடப்பவர்களுக்குப் பதிலாக ஒளிக்கதிர். கேட் என்பது கருவி. கருவி திரும்பினால் இரண்டு கதிர்களுக்கும் வித்தியாசம் வரும். இவ்வளவுதான் சாக்னாக் விளைவு. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வெளி முழுவதும் 'ஈதர்' என்ற ஒரு பொருள் நிரம்பியிருக்கிறது என்று நிரூபிக்கத்தான் சாக்னாக் இதைச் செய்தார். அது நிரூபணமாகவில்லை. பரிசோதனை மட்டும் நிலைத்தது.

வித்தியாசம் மிகச் சிறியது என்பதுதான் சிக்கல். 1925-ல் மைக்கேல்சனும் கேலும் சிகாகோ அருகே, பூமியின் சுழற்சியையே இந்த முறையில் அளந்தார்கள். அதற்காக 612 மீட்டர் நீளம், 339 மீட்டர் அகலத்துக்குச் செவ்வகமாகக் குழாய் பதித்து, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, ஒளியை ஓடவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பது ஏக்கர் வருகிறது! விவசாயக் கடன் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐம்பது ஏக்கர் நஞ்சையைத் தூக்கி விமானத்தில் வைக்க முடியாது.

1960-ல் லேசர் வந்தது. மூன்றே வருடத்தில் ஸ்பெர்ரி நிறுவனத்தில் லேசர் கைரோ செய்து காட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 விமானங்களில் அது பறந்தது. நல்ல கருவிதான். ஆனால் உள்ளே வாயு அடைத்த கண்ணாடிக் கட்டி வேண்டும், அசாதாரணமாக மெருகேற்றிய ஆடிகள் வேண்டும். விலையும் அதற்கேற்ப இருந்தது.

தொலைபேசிக்காரர்கள் கட்டிய வட்டி

இங்கேதான் என் மாடிப்படிச் சுருள் வருகிறது.

ஒளியை வளைந்த கண்ணாடி இழைக்குள் கொண்டு போகலாம் என்று 1950-களில் லண்டனில் செய்து காட்டியவர்களில் ஒருவர் நம் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1966-ல் சார்லஸ் காவ், கண்ணாடியைப் போதுமான அளவு தூய்மையாக்கினால் இழைக்குள் தொலைபேசிப் பேச்சையே அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட இழையை உருவாக்கியது. 1976-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் வாலி, ஷார்ட்ஹில் என்ற இருவர், இந்த இழையைச் சுருளாகச் சுற்றினால் சாக்னாக் விளைவைப் பெருக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அதுதான் ஃபைபர் கைரோவின் பிறப்பு.

சூட்சுமம் சுற்றுகளில் இருக்கிறது. ஒரு சுற்றில் கிடைக்கும் வித்தியாசம் அற்பம். ஆயிரம் சுற்று சுற்றினால் ஆயிரம் மடங்கு. ஒரு கிலோமீட்டர் இழையைப் பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றினால் மூவாயிரம் சுற்றுக்கு மேல் வரும். ஐம்பது ஏக்கர் உள்ளங்கையில் அடங்கிவிட்டது! அப்படிச் சுற்றியும், பூமி சுழலும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 15 டிகிரிக்கு, இரண்டு கதிர்களுக்கும் வரும் தூர வித்தியாசம் ஓர் அணுவின் பருமனைவிடக் குறைவு. விமானத்துக்கு அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை அளக்க வேண்டும். அதையும் அளக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இப்போது வரவு செலவுக்கு வருவோம். இந்தக் கருவிக்கு வேண்டிய இழை, ஒளிமூலம், ஒளியைப் பிரிக்கும் இணைப்பி, ஒளியை உணரும் டிடெக்டர், இவற்றில் பெரும்பாலானவற்றை உலகமெங்கும் தொலைபேசித் துறை தனக்காக வளர்த்துக்கொண்டிருந்தது. 1979-ல் புனேயில் இரண்டு தொலைபேசி நிலையங்களுக்கு இடையே நம் நாட்டின் முதல் ஃபைபர் இணைப்பு வந்தது. இன்று தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டு போகும் திட்டம் நடக்கிறது. ஆராய்ச்சிச் செலவு, தொழிற்சாலைச் செலவு எல்லாவற்றையும் கோடிக்கணக்கான தொலைபேசிச் சந்தாதாரர்கள் சுமந்துவிட்டார்கள். உங்கள் மாதாந்திர பில்லும் அதில் சேர்த்தி. கைரோ செய்பவர் அந்த மலிவில் பங்கு எடுத்துக்கொண்டார். அசலும் வட்டியும் ஒருவர் கட்ட, வீடு இன்னொருவருக்குக் கிடைத்த மாதிரி.

1990-களில் ஃபைபர் கைரோ விமானங்களுக்கு வந்துவிட்டது. போயிங் 777-ல் மாற்று ஏற்பாடாக இருக்கும் திசை அளவைக் கருவியில் இது உண்டு.

கடையில் விற்காத சரக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, "பணம் கொடுத்தால் வாங்கிவிடலாமே" என்று நினைக்காதீர்கள். 1987-ல் ஏழு நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. மணிக்கு அரை டிகிரிக்கும் குறைவாகப் பிசகும் கைரோக்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. திசை காட்டும் கருவி ராக்கெட்டுக்கும் வழிகாட்டும், ஏவுகணைக்கும் வழிகாட்டும் என்பது அவர்கள் வாதம். இந்தியா அதில் உறுப்பினரானது 2016-ல்தான்.

ஆகவே நாமே செய்ய வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட் இருக்கிறது. ராக்கெட், செயற்கைக்கோள் இவற்றின் திசை உணரும் கருவிகளுக்கென்றே உள்ள நிலையம். ஹைதராபாத்தில் 1988-ல், ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் முயற்சியில் தொடங்கிய ரிசர்ச் சென்டர் இமாரத் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் லேசர் கைரோ, ஃபைபர் கைரோ இரண்டையும் உருவாக்கியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, நம் கிளப் ஹாலில் கூடி நாம் கைதட்டிய சந்திரயான்-3 நினைவிருக்கிறதா? அந்த லேண்டர் இறங்கும்போது தன் சாய்வையும் திருப்பத்தையும் அறிந்தது லேசர் கைரோ பொருத்திய கருவியால்தான். நிலாவில் ஜி.பி.எஸ். கிடையாது.

திருமங்கலத்துப் பிள்ளைகளின் செயற்கைக்கோள்

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோ தன் புதிய சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யை முதன்முறையாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. குறைந்த செலவில், குறைந்த நாட்களில் தயாராக வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் ஆசாதிசாட் என்ற 8 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளும் இருந்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து அதன் பாகங்களைச் செய்திருந்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஒன்று நம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

ராக்கெட் எழுந்தது. மூன்று கட்டங்களும் சரியாக எரிந்தன. ஆனால் இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வு, வேக மாற்றத்தை அளக்கும் உணரிகளை ஒரு கணம் திணறடித்துவிட்டது. கைரோவோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கை மாதிரியான கருவிகள் அவை. அவை தந்த அளவு நம்பும்படி இல்லாததால், உணரிகள் பழுது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து, அவற்றை நம்பாமல் முன்பே எழுதி வைத்த பாதையில் ராக்கெட்டை ஓட்டியது. கடைசியில் வேகம் நொடிக்கு 56 மீட்டர் குறைந்துபோனது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழும் பாதையில் விழுந்தன. அந்த உயரத்தில் காற்று உண்டு. நிலைக்க முடியவில்லை.

உணரிகள் உண்மையில் கெட்டுப்போகவில்லை. ஒரு கண அதிர்ச்சியை நிரந்தரப் பழுது என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. அன்றைய ஒரு தவறான பதிவுக்காக கணக்கையே மூடிவிட்ட மாதிரி. பிரியும் ஏற்பாட்டையும், சரிபார்க்கும் முறையையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. மாணவிகளின் ஆசாதிசாட்-2 உட்பட மூன்று செயற்கைக்கோள்களைச் சரியான பாதையில் விட்டது.

சரிபார்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பழைய உதாரணம், 1983 செப்டம்பர் 1 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட கொரிய விமானம் 007. அதில் திசைக் கருவிகள் மூன்று இருந்தன. விமானம் அவற்றின்படி ஓட்டப்படவில்லை. அதை யாரும் ஒத்துப் பார்க்கவும் இல்லை. பாதையை விட்டு 500 கிலோமீட்டருக்கும் மேல் விலகி சோவியத் எல்லைக்குள் போனது. 269 உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களின் விமானங்களுக்கும் இலவசமாகத் தரப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. இன்று நாம் பார்க்கும் மேப்புக்குப் பின்னால் அந்த 269 பேர் இருக்கிறார்கள்.

இன்னும் இறங்க வேண்டிய விலை

உங்கள் செல்போனிலும் ஒரு கைரோ இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய, நெல்மணி அளவு பொருள். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். கரும்புத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ட்ரோனிலும் அதே வகைதான். அதன் பிழை வேகமாகச் சேர்வதால் ஜி.பி.எஸ். துணை வேண்டும். மறு பக்கம், விமானத்துக்கு ஏற்ற ஃபைபர் கைரோ லட்சக்கணக்கில் விலை. இரண்டுக்கும் நடுவே, ஓரளவு நம்பகமான, நடுத்தர விலைக் கருவிக்குத்தான் இன்று உலகம் முழுவதும் முயற்சி நடக்கிறது.

விலை எங்கே நிற்கிறது? முதலில், நல்ல ஃபைபர் கைரோவுக்கு ஒளியின் அலைத் தளத்தை மாறாமல் காக்கும் தனி வகை இழை வேண்டும். அது விலை அதிகம். அதற்கு மாற்றாக, நம் வீட்டுச் சுவரில் ஓடும் சாதாரண வகை இழையையே பயன்படுத்தி, அலைத் தளத்தை வேண்டுமென்றே கலைத்துவிட்டு அளக்கும் முறை ஒன்று உண்டு. மலிவுக்கு அது ஒரு வழி.

இரண்டாவது, சுற்றும் வேலை. சுருளின் ஒரு பாதி மறு பாதிக்கு முன்பே சூடானால், கருவி அசையாமலே திரும்பியதாகப் பொய் சொல்லும். 1980-லேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே இழையின் நடுப்புள்ளியிலிருந்து தொடங்கி, இரு பாதியும் அக்கம்பக்கமாக வரும்படி, அடுக்கு மாற்றி அடுக்கு, இழுவிசை மாறாமல் சுற்ற வேண்டும். சி பிளாக்கில் மில்லில் கோன் வைண்டிங் பார்த்து ஓய்வுபெற்ற நண்பரிடம் இதைச் சொன்னேன். "டென்ஷன் மாறினா நூல் பேசும் சார், அது எல்லா நூலுக்கும் ஒண்ணுதான்" என்றார். ஹார்வி மில் சங்குச் சத்தத்தில் வளர்ந்த ஊருக்கு இந்த வேலை அந்நியமல்ல.

மூன்றாவதும் முக்கியமானதும், எண்ணிக்கை. பத்து செய்தால் ஒன்றின் விலை லட்சம். லட்சம் செய்தால் விலை தானே இறங்கும். இழைக்கு அந்த எண்ணிக்கையைத் தொலைபேசி கொடுத்தது. கைரோவுக்கு யார் கொடுப்பார்கள்? ட்ரோன், ரயில், சுரங்கம், விவசாய இயந்திரம் என்று வாங்குவோர் பெருக வேண்டும். அவற்றைச் செய்பவர்களும் நம்மவர்களாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மலிவு என்பது சரிபார்ப்பைக் குறைப்பது அல்ல. ஒருமுறை அந்தப் பாடத்துக்குத் திருமங்கலத்துப் பிள்ளைகளின் உழைப்பும் சேர்த்தே விலை கொடுத்துவிட்டோம்.

என் சுருளை ஏ பிளாக் வாசக சாலையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பம்பரமும் சாட்டையும் இருக்கும். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். இருவரை எதிரெதிர்த் திசையில் நடக்கவிட்டு, மூன்றாமவர் கேட்டாக நகர, சாக்னாக் பரிசோதனையை வாக்கிங் பாதையிலேயே நடத்திக் காட்டுகிறேன். கண்ணாடி இழை முனை கையில் குத்தினால் எடுப்பது கஷ்டம். ஆகவே சுருளைத் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பம்பரத்தைத் தொடலாம், விடலாம். பெரியவர்களும் வரலாம், விட மறந்திருந்தால் பிள்ளைகள் சொல்லித்தருவார்கள்.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பி பிளாக்